குருந்தம் போன வழி

நெல் வயலில் எலி வளை தோண்டும்போது மண்ணோடு சில கற்களும் வெளியே வந்து விழும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி விழுந்த கல் ஒன்று சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவர் கோட்டை மருத்துவர் எட்வர்ட் பல்க்லி. வாங்கி வைத்துக்கொண்டவர் ஜான் உட்வர்ட். அவரும் மருத்துவர்தான், கற்கள் சேர்ப்பதில் தீராத ஆசை கொண்டவர். உட்வர்டின் சேகரிப்புப் பட்டியலில் அந்தக் கல்லுக்கு ‘நெல்லா கொரிவிண்டம்’ என்று பெயர். நெல் விளையும் நிலத்தில் வயல் எலிகள் இதைத் தோண்டிப் போடும் என்றும், இரும்பை மெருகேற்ற இது பயன்படும் என்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார். அதையடுத்து ‘தெல்லா’ என்ற அடைமொழியோடு இன்னொரு கல்லும் பட்டியலில் வருகிறது. தெலுங்கில் நல்ல என்றால் கருப்பு, தெல்ல என்றால் வெள்ளை. கோட்டையைச் சுற்றிப் புழங்கிய இரு மொழிகளும் அந்தப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

தமிழில் அது குருந்தம். குருவிந்தம் என்றும் சொல்வார்கள். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடை வீதியைச் சுற்றி வரும் கோவலன் கண்ணில் படும் மாணிக்க வகைகளில் விந்தம் என்பது ஒன்று. அதைக் குருவிந்தம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். கனிமவியல் வழியாகப் பார்த்தாலும் இந்த உறவு சரியானதே. மாணிக்கம், நீலம், மங்கிய நிறத்தில் வயலில் கிடக்கும் குருந்தம் மூன்றும் ஒரே பொருள், அலுமினியம் ஆக்சைடு. கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோ அளவுகோலில் வைரம் பத்து, குருந்தம் ஒன்பது. ஒளி ஊடுருவும் கல் மோதிரத்துக்குப் போனது. மற்றதெல்லாம் பட்டறைக்குப் போனது.

பட்டறையில் அதற்கு என்ன வேலை? உளி, அரம், துளைப்பான், கத்தரி, லேத் என எதைக் கொண்டு ஒரு பொருளை வெட்டினாலும், கருவி வெளியேறும் விளிம்பில் கொஞ்சம் உலோகம் அறுபடாமல் மடங்கி நிற்கும். அதுதான் பிசிறு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக இருந்தாலும் விரல் பட்டால் கீறிவிடும். இரண்டு பாகங்களைப் பொருத்தும்போது இடையில் நின்று இடைஞ்சல் செய்யும். எண்ணெய் ஓடும் துளைக்குள் இருந்தால் என்றாவது உடைந்து போய் வால்வை அடைத்துவிடும். விரிசல் தொடங்குவதற்கும் அதுவே வாசல். வார்ப்பில் எடுத்த பொருளென்றால் இரண்டு அச்சும் சேரும் கோட்டில் மீன் துடுப்புபோலத் தகடு பிதுங்கி நிற்கும். இவற்றை எடுத்து, அதன்பின் மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலைக்குப் பல சமயம் வெட்டுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். கைவினையின் வரலாற்றில் குறைவாகப் பேசப்பட்ட வேலையும் இதுதான்.

கொங்கு நாட்டில் இந்த வேலைக்கு வயது அதிகம். நொய்யல் கரையில் சென்னிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கொடுமணலில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. இரும்பு உலைகளோடு, கல்மணி செய்த இடங்களும் அங்கே வெளிப்பட்டன. மூலக்கல், பாதி தீட்டிய மணி, துளையிடும்போது உடைந்த மணி, முழுமையான மணி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. அங்கே வேலை செய்தவருக்குப் பச்சைக்கல் படியூரில் கிடைத்தது. நீலமும் குருந்தமும் சிவன்மலைப் பக்கம் கிடைத்தன. எல்லாம் நடந்து போகிற தூரம். இன்று முருகன் கோயிலுக்காகக் கூட்டம் கூடும் அதே சிவன்மலைதான். அங்குள்ள பாறைகளில் குருந்தம் பொதிந்திருப்பதை டி.எச். ஹாலந்து ஆராய்ந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வெளியீடாக 1901இல் தனி நூலே எழுதினார். தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டி, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி ஆகியவையும் குருந்தத்துக்குப் பெயர் போனவை. சித்தம்பூண்டியில் குருந்தத்தைத் தாங்கி நிற்கும் வெளிர்நிறப் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான் ஊர்தியை ஓட்டிப் பார்க்க இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தபோது, கல் இந்த வட்டாரத்திலிருந்துதான் போனது.

கிடைத்த கல்லை அப்படியே தேய்க்க முடியாது. இடித்துப் பொடியாக்கி, சலித்து, பருமன் வாரியாகப் பிரிக்க வேண்டும். பிறகு அந்தப் பொடியை உருக்கிய அரக்கில் குழைத்து, வட்டமாக அழுத்தி, மர அச்சில் பொருத்தினால் சாணை தயார். ஒருவர் வாரை மாறி மாறி இழுக்க, சக்கரம் முன்னும் பின்னும் சுழல, எதிரே இருப்பவர் வாளையோ மணியையோ பிடிப்பார். பருமணல் இரும்புக்கு, நைசு மணல் கல்லுக்கு. தேய்ந்துபோன சாணையைச் சூடு காட்டினால் அரக்கு இளகும். புதுப்பொடி சேர்த்து மறுபடி வார்த்துக்கொள்ளலாம். அரக்குக்குக் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. அதனால் மணல் ஆழமாகக் கீறாமல் மெல்லத் தீட்டும். இன்றும் ஆலைகளில் உருளைகளைக் கண்ணாடிபோல் மெருகேற்ற அரக்கில் பிணைத்த சக்கரங்கள் உண்டு. சக்கரத்தின் மீது அச்சிடும் குறியீட்டில் ஆங்கில எழுத்து ‘இ’ வந்தால் அரக்குப் பிணைப்பு என்று பொருள். நம் ஊர்ச் சாணைக்காரர் கண்டு வைத்த பக்குவம் பன்னாட்டுத் தரக் குறியீட்டில் ஒற்றை எழுத்தாக இருப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

பிசிறை எதிர்கொள்ள இன்னொரு வழியும் தமிழ்நாட்டில் இருந்தது. பிசிறு உலோகத்தில் வராதபடி முன்கூட்டியே வேலையை முடித்துவிடுவது அது. படிமம் வார்க்கும் ஸ்தபதி முதலில் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் ஆபரணமும் ஆடை மடிப்பும் பெரும்பாலும் மெழுகிலேயே முடிக்கப்பட்டவை, வார்த்த பிறகு உளி பட்ட இடம் குறைவு என்று கலை வரலாற்றாளர்கள் சொல்வார்கள். பிற்காலத்தில் இது தலைகீழானது. இன்று சுவாமிமலையில் வார்ப்பு எடுப்பதைவிட, வார்த்ததை அராவிச் செதுக்கித் தேய்ப்பதற்குத்தான் அதிக நாள் போகிறது. அரம், உளி, உப்புத்தாள் என்று போய், கடைசியில் புளியும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் போட்டுத் துலக்குகிறார்கள். மெழுகை வழித்தெடுக்க ஒரு விரல் போதும். அதே பிழை உலோகத்துக்குள் போய்விட்டால் அராவி எடுக்க ஒரு நாள் ஆகும்.

உட்வர்டின் பெட்டிக்குள் கிடந்த கல்லுக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தவர் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர். 1798இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதற்கு முன் ஐரோப்பியர் இதற்கு வைரத்தோடு உறவு கற்பித்து வேறு பெயர் சொல்லி வந்தார்கள். கிரெவில், தென்னிந்தியாவில் வேலையில் இருந்த தம் நாட்டவர்களுக்குக் கடிதம் எழுதி, கல் எங்கே கிடைக்கிறது, அங்குள்ளவர்கள் அதை எப்படி அழைக்கிறார்கள் என்று விசாரித்தார். கட்டுரையில் ‘பெர்மெட்டி’ என்று வரும் ஊர் நம் பரமத்திதான். குருந்தம் என்ற பேச்சு வழக்கு கொரண்டம் ஆகி, கனிமவியல் நூல்களில் ஏறியது அந்தக் கட்டுரையோடுதான்.

ஐரோப்பாவிடம் அதுவரை இருந்த முக்கியத் தேய்ப்புப் பொருள்கள் இரண்டு. ஒன்று எமரி. குருந்தமும் காந்த இரும்புத் தாதுவும் கலந்த கருங்கல் அது; கிரேக்கத்தின் நாக்சாஸ் தீவில் ரோமானியர் காலத்திலிருந்தே வெட்டியெடுக்கப்பட்டது. 1840களில் அமெரிக்க வேதியியலாளர் லாரன்ஸ் ஸ்மித் துருக்கியில் எமரிப் படிவுகளைக் கண்டறிந்த பிறகு நாக்சாஸின் தனியாட்சி குலைந்தது. மற்றொன்று எங்கும் கிடைக்கும் மணற்கல். கத்தி, கத்தரிக்கோல், ஊசி, அரம் எல்லாவற்றையும் தீட்டியது இந்த மணற்கல்தான். தீட்டியவர்களின் உயிரைக் குடித்ததும் அதுதான்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளுக்குப் பேர்போன ஊர். ஊரைச் சுற்றி ஓடும் சிற்றாறுகளில் நீர்ச்சக்கரம் கட்டி, அதன் விசையில் பெரிய மணற்கல் வட்டைகளைச் சுழற்றினார்கள். போர்ட்டர் என்ற ஓடையின் கரையில் ஷெப்பர்டு வீல் என்ற பட்டறை இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. தீட்டுபவர் குதிரைமேல் உட்காருவதுபோல ஒரு மரப்பலகையில் கால் பரப்பி உட்கார்ந்து, சக்கரத்தின் மேல் கவிழ்ந்து வேலை செய்வார். முகத்துக்கும் கல்லுக்கும் ஒரு முழ தூரம்கூட இருக்காது. மேசைக்கத்தியைத் தண்ணீர் தொட்டுத் தீட்டுவார்கள். முள்கரண்டியை உலர்ந்த கல்லிலேயே தீட்டுவார்கள்.

அந்த ஒரு வேறுபாடு ஆயுளை நிர்ணயித்தது. ஆர்னால்டு நைட் என்ற ஷெஃபீல்டு மருத்துவர் 1830இல் வெளியிட்ட கணக்கு இது: ஊரில் தீட்டுபவர்கள் சுமார் 2,500 பேர். முள்கரண்டி தீட்டுபவர்கள் ஆண்களும் சிறுவர்களுமாக ஏறக்குறைய 150 பேர். அவர்கள் 28 வயதிலிருந்து 32 வயதுக்குள் இறந்துபோனார்கள். ஈரமாகவும் உலர்வாகவும் சவரக்கத்தி தீட்டியவர்கள் 40இலிருந்து 45 வயதுக்குள் இறந்தார்கள். ஈரக்கல்லில் மட்டும் வேலை செய்தவர்கள் 40இலிருந்து 50 வரை இருந்தார்கள். மணற்கல்லில் பெரும்பகுதி சிலிக்கா. அதன் நுண்தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் திசு தழும்பாகி இறுகிவிடும், மறுபடி இளகாது. உள்ளூரில் அதைத் தீட்டுபவர் ஆஸ்துமா என்றார்கள். இன்று சிலிக்கோசிஸ் என்கிறோம்.

கால்வர்ட் ஹாலந்து என்ற மற்றொரு மருத்துவர் 1843இல் எழுதிய நூலில் இன்னொரு காரணத்தையும் சுட்டிக்காட்டினார். ஆற்றங்கரைப் பட்டறையில் தண்ணீர் குறைந்தால் வேலை நிற்கும். தீட்டுபவர் வெளிக்காற்றில் இருப்பார். நீராவி இயந்திரம் வந்ததும் பட்டறைகள் ஊருக்குள் குடிபெயர்ந்தன. மூடிய அறையில், ஒரே கூரையின் கீழ்ப் பலர், நாள் முழுக்க ஓயாத சக்கரம். இயந்திரம் உழைப்பைக் குறைக்கவில்லை, ஓய்வைத்தான் குறைத்தது.

தடுக்க வழியே இல்லாமல் இல்லை. 1820களின் தொடக்கத்தில் ஆபிரகாம் என்ற ஷெஃபீல்டுக்காரர் காந்தம் பதித்த முகக்கவசம் ஒன்றைச் செய்தார். இரும்புத் தூளை அது ஈர்த்துக்கொள்ளும். ஆனால் கொன்றது இரும்புத் தூள் அன்று, கல்தூள்தான். கல்லைக் காந்தம் இழுக்காது. காற்றாடி வைத்துத் தூசியை உறிஞ்சும் குழாய்களும் வந்தன. தீட்டுபவர்களில் பலர் இவற்றை ஏற்கவில்லை. வேலை ஆபத்தானது என்பதால்தான் கூலி உயர்ந்திருக்கிறது, ஆபத்து போனால் கூட்டம் சேரும், கூலி விழும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று அக்காலத்து எழுத்தாளர்கள் சிலர் ஏசியிருக்கிறார்கள். அந்த ஏச்சு அநியாயமானது. முப்பது வயதில் சாகப்போகிறவன் கையில் இருந்த ஒரே பேரம் அந்தச் சாவுதான். வேறொன்றையும் அந்த ஊர் அவனிடம் விட்டுவைக்கவில்லை. ஆய்வாளர் கேட்டால் காற்றாடி பொருத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்ல 1867 ஆனது.

மணற்கல்லைத் தேய்ப்பு வேலையிலிருந்து வெளியேற்றியது அந்தச் சட்டத்தைவிட, கல்லுக்கு மாற்றாக வந்த சக்கரம்தான். அரக்குச் சாணையில் ஒரு குறை இருந்தது. வேகம் கூடினால் உரசலில் சூடேறி அரக்கு இளகும். நீராவி இயந்திரத்தின் வேகத்துக்கு அது நிற்காது. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் ஃபிராங்க் நார்ட்டன் என்பவர் நடத்திய மண்பாண்டச் சாலையில் வேலை பார்த்த ஸ்வென் புல்சன் என்ற சுவீடன்காரர், 1873இல் எமரித் தூளைக் களிமண்ணில் குழைத்து, சட்டி சுடுவதுபோலச் சூளையில் சுட்டார். களிமண் கண்ணாடிபோல் இறுகி மணலைப் பிடித்துக்கொண்டது. சூட்டுக்கு அஞ்சாத சாணை பிறந்தது. அதைக் கண்டது ஒரு குயவர் என்பதில் வியப்பில்லை. சூளையின் குணம் வேறு யாருக்குத் தெரியும்?

அடுத்த தாவல் மணலில். பென்சில்வேனியாவின் மொனொங்ககேலா என்ற ஊரில் எட்வர்ட் ஆச்சிசன் 1891இல் ஓர் இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணையும் கல்கரித் தூளையும் போட்டு மின்சாரம் பாய்ச்சினார். இளவயதில் எடிசனிடம் வேலை பார்த்தவர் அவர். செயற்கை வைரம் செய்ய வேண்டும் என்பது அவரது ஆசை. கார்பன் தண்டின் நுனியில் சில மினுக்கும் துகள்கள் ஒட்டியிருந்தன. கண்ணாடியை அவை கீறின. களிமண்ணில் அலுமினா இருப்பதால், கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் இது என்று கருதி, இரண்டு சொல்லையும் ஒட்டிக் கார்பொரண்டம் என்று பெயரிட்டார். கணிப்பு தவறு. அது சிலிக்கானும் கார்பனும் சேர்ந்தது. கொரண்டம் அதில் துளியும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பரமத்திப் பக்கத்து உழவர் வாயில் வழங்கிய சொல்லின் பாதி, ஓர் அமெரிக்கரின் தவறான கணிப்பால் உலகப் பட்டறைகளின் அன்றாடப் பேச்சில் ஏறியது.

1895இல் ஆச்சிசனின் ஆலை மலிவான மின்சாரம் தேடி நயாகராவுக்குப் போனது. சில ஆண்டுகளில் பாக்சைட்டை உருக்கி அசல் குருந்தத்தையே செயற்கையாகச் செய்யும் முறையும் வந்தது. விரும்பிய பருமனில், ஒரே சீரான தரத்தில், டன் கணக்கில் கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சக்கரங்களைப் பூட்டிய கனரக எந்திரங்கள் ஐந்து மணி நேரம் பிடித்த மோட்டார் வண்டியின் கிராங்க் தண்டுத் தேய்ப்பைக் கால்மணி நேரத்தில் முடித்தன. கார் மலிவாகக் கிடைத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு. வயலிலும் குன்றிலும் குருந்தம் பொறுக்கி விற்றவர்களின் சந்தை சுருங்கிப்போனது இதே ஆண்டுகளில்தான். செயற்கைக் குருந்தத்திலும் கார்பொரண்டத்திலும் மணற்கல்லின் சிலிக்கா இல்லை. தீட்டுபவரின் நுரையீரலுக்கு நூறாண்டு தாமதமாகக் கிடைத்த நிவாரணம் அது. அதற்காக யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதும் உண்மை.

சொல் வீடு திரும்பியது 1954இல். முருகப்பா குடும்பத்தார், அமெரிக்காவின் கார்பொரண்டம் நிறுவனத்தோடும் இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்து சென்னையில் கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். திருவொற்றியூர் ஆலையில் சாணைச் சக்கரங்கள் உருவாயின. எலி தோண்டிய கல் கப்பலேறிய கோட்டைக்கு வடக்கே சில மைல் தூரத்தில், அந்தக் கல்லின் பெயர் பாதி உருமாறி ஆலையின் வாசலில் எழுதப்பட்டது.

கோவையில் 1920கள் தொட்டே வார்ப்படப் பட்டறைகள் பெருகி வந்திருந்தன. பருத்தி ஆலைக்கு உதிரிபாகம், தோட்டக் கிணற்றுக்கு மோட்டார் பம்பு. இரும்பை உருக்கி ஊற்றுவதைப் பார்க்க ஆள் கூடும். ஆறிய வார்ப்பை அச்சிலிருந்து உடைத்தெடுத்த பின் நடப்பதைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. அந்தப் பகுதிக்குப் பட்டறையில் ஃபெட்லிங் என்று பெயர். இணைப்புக் கோட்டில் பிதுங்கிய தகடு, உலோகம் ஊற்றிய வாயில் நிற்கும் குச்சம், சூட்டில் ஒட்டிக்கொண்ட மணல் எல்லாவற்றையும் தட்டி, வெட்டி, கிரைண்டரில் தேய்த்து எடுக்க வேண்டும்.

இங்கேதான் பழைய நோய் திரும்ப உள்ளே வருகிறது. சக்கரத்தில் சிலிக்கா இல்லை. ஆனால் வார்ப்பு அச்சே சிலிக்கா மணலால் ஆனது. வார்ப்பின் தோலில் வெந்து ஒட்டிய அந்த மணலைச் சக்கரம் அரைக்கும்போது, ஷெஃபீல்டில் கல்லிலிருந்து கிளம்பிய அதே தூள் இரும்பின் மேலிருந்து கிளம்புகிறது. வார்ப்பின் மீது மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் முறையைப் பிரிட்டன் 1949இல் கொண்டுவந்த விதிகளால் தடுத்து, எஃகுக் குண்டுகளுக்கு மாறியது. இந்தியாவிலும், மருத்துவர் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் சட்டப் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருக்கிறது. பெரிய ஆலைகளில் உறிஞ்சு குழாயும் குண்டு பீய்ச்சும் அறைகளும் இயந்திரக் கைகளும் வந்துவிட்டன. சிறு பட்டறைகளில் இன்னும் கைக் கிரைண்டர்தான்.

பிசிறைப் பற்றிய படிப்பும் இதற்கிடையே வளர்ந்தது. அமெரிக்கப் பொறியாளர் லாரூ கில்லெஸ்பி 1970களில், பிசிறு எப்படி உருவாகிறது, எத்தனை வகை, எதை எதனால் எடுப்பது என்று ஆராய்ந்து எழுதினார். பல்கலைக்கழகங்களிலும் இது ஆய்வுக்குரிய பொருளாக ஏறியது. பாகங்களைக் கல்துண்டுகளோடு தொட்டியில் போட்டு அதிரவைப்பது, மின்வேதியியலால் விளிம்பைக் கரைப்பது, மூடிய அறையில் வாயுவைக் கொளுத்தி ஒரு கணச் சூட்டில் பிசிறை எரித்துவிடுவது, தேய்ப்புமணல் கலந்த பசையைத் துளைகளுக்குள் அழுத்தி ஓடவிடுவது என்று முறைகள் பெருகியிருக்கின்றன.

இருந்தும் எந்தப் பட்டறை வரைபடத்தை எடுத்தாலும் மூலையில் ஒரு வரி இருக்கும்: பிசிறும் கூர் விளிம்பும் நீக்குக. துளைக்கு அளவு உண்டு, நீளத்துக்கு அளவு உண்டு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை சொல்லியிருப்பார்கள். இந்த வரிக்குப் பெரும்பாலும் அளவு கிடையாது, அதற்கான நேரமும் எந்தக் கணக்கிலும் ஏறியிராது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்க வரும் பையன் முதல் மாதங்களில் ஓர் இரும்புப் பட்டையை வைஸில் பூட்டி அராவப் பழகுகிறான். தட்டையாக வந்ததும் விளிம்பில் அரத்தைச் சாய்த்து இரண்டு இழுப்பு, பிறகு எமரித் தாள், பிறகு துடைத்துவிட்டுக் கட்டைவிரலை மெல்ல ஓட்டிப் பார்க்கிறான். தடுக்கினால் மறுபடி அரத்தை எடுக்கிறான்.